மேடு இல்லாத ஊரில் ஒரு டர்போ

“எத்தின உம்மா? சத்தமாச் சொல்லுங்க!”

“நாலு… அஞ்சு… ஆறு… ஆறிலயே நிக்கிது!”

“நிக்கிதா, நடுங்குதா?”

“நடுங்குது!”

மாவடிப்பள்ளி வயல்களுக்கு நடுவே நேராக ஓடும் வீதியில் எங்கள் கெப் வண்டி போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் மகன் அஸ்லம். பக்கத்தில் நான். என் மடியில் தேநீர்த் தட்டளவு வட்டமான ஒரு காற்று மானி. அதன் வால்போல ஒரு மெல்லிய இறப்பர் குழாய் ஜன்னல் வழியே வெளியேறி, பொனற்றின் இடுக்கால் நுழைந்து, எஞ்சினுக்குள் போயிருந்தது. பின்தட்டில் நெல் மூடைகள். மூடைகளுக்கு மேலே என் கணவர், சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, கெப்பின் கூரையில் கையால் அடித்தபடி இருந்தார். ஓர் அடி விழுந்தால், இன்னும் மிதி என்று அர்த்தம்.

“ஏழு! அஸ்லம், ஏழு!”

வயலில் நின்ற கொக்குகள் எல்லாம் எழும்பின. எதிரே உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர் எங்கள் கூச்சலைக் கேட்டு வண்டியை ஓரம் கட்டினார். என்னிடம் படித்த பிள்ளை ஒன்றின் தகப்பன்.

“டீச்சர், ஆருக்கு என்ன? ஆஸ்பத்திரிக்கா?”

பதில் சொல்ல நேரமில்லை. மானியின் முள் எட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாற்பதைத் தாண்டிய ஒரு விஞ்ஞான ஆசிரியை, தலையில் போட்ட முக்காடு காற்றில் பறக்க, “எட்டு, எட்டு” என்று கத்திக்கொண்டு போனதை அவர் ஊரில் எப்படிச் சொல்லியிருப்பார் என்பதை நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

இந்தத் தொடரை வாசிக்கும் பழைய மாணவி ஒருத்தி போன கிழமை தொலைபேசியில் கதைத்தாள். “டீச்சர், கடல் வந்த கதையை வாசிச்சு அழுதழுது அலுத்துப் போச்சு. சந்தோசமா ஒண்டு எழுதுங்களன்” என்றாள். சரி மகள், இது உனக்கு.

கடல் குடித்த எஞ்சின்

அந்த கெப் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நீலம். கடல் வந்து போன பிறகு அதற்கு ஒரு நிறம் என்று சொல்ல முடியாது.

அன்று காலை அது கரையில் மீன் ஏற்றுவதற்காக நின்றது. கணவரும் அஸ்லமும் சந்தைப் பக்கம் போயிருந்தார்கள். நானும் சின்னவள் நஸ்ஹாவும் வீட்டில். பிறகு நடந்ததை முன்னைய அத்தியாயங்களில் எழுதிவிட்டேன். இங்கே ஒரு வரி போதும். மூன்றாம் நாள் வண்டி கிடைத்தது, ஒரு மதிலுக்கும் பனை மரத்துக்கும் இடையில், தலைகீழாக. நஸ்ஹா கிடைக்கவில்லை.

அந்த வண்டியை ஏன் விற்கவில்லை என்று நான் என் கணவரிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. காணி துப்புரவாக்க வந்த இயந்திரக்காரர்களைக் கெஞ்சி, அதை இழுத்துக்கொண்டுபோய்ப் பாண்டிருப்பில் சிவத்தின் கராஜில் போட்டார். அவ்வளவுதான்.

சிவம் என் கணவரின் பள்ளித் தோழர். உரத்த குரல். ஒரு நட்டைக் கழற்றும்போதும் ஊர்வலம் போவதுபோலக் கத்துவார். அவரும் தன் வீட்டில் ஆட்களைக் கடலுக்குக் கொடுத்தவர். கராஜின் பாதிச் சுவர் அப்போது இல்லை. மீதிச் சுவரின் நிழலில் இருந்துகொண்டு எங்கள் எஞ்சினை அவர் பகுதி பகுதியாகப் பிரித்தார். டீசல் பம்பைத் திறந்தபோது உள்ளே மணல். மணலோடு ஒரு சின்னச் சிப்பி.

“மச்சான், உன்ட பம்பு முத்துக் குளிச்சிருக்குடா” என்றார்.

அந்த நாட்களில் என் கணவர் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

எப்படியோ வண்டி உயிர்த்தது. ஓடியது. ஆனால் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. நோயிலிருந்து எழும்பிய ஆள் நடப்பதுபோல நடக்கும். நாலைந்து பெட்டி மீன் கூடுதலாக ஏற்றினால் மூச்சு வாங்கும். அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. யுத்த காலம். அரை மைலுக்கு ஒரு சோதனைச் சாவடி. தார்ப் பீப்பாய்களை வீதியில் நெளிவு நெளிவாக வைத்திருப்பார்கள், அவற்றுக்கு இடையால் ஊர்ந்து போக வேண்டும். மூன்றாம் கியருக்கு மேல் போடும் வசதி எந்த வண்டிக்கும் இல்லை. வேகமாகப் போனால் சந்தேகம், மெதுவாகப் போனாலும் சந்தேகம். அந்தக் காலத்தில் எங்கள் வண்டிக்கு மூச்சுக் குறைவு என்பது ஒரு பாதுகாப்பாகக்கூட இருந்தது.

பாஸ்போட்

பிறகு யுத்தம் முடிந்தது. பீப்பாய்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கல்முனையிலிருந்து அம்பாறை, மகா ஓயா, மகியங்கனை, அப்படியே மலை ஏறிக் கண்டிப் பக்கம் என்று பாதை விரிந்து கிடந்தது. எங்கள் கரையில் விடிய அள்ளிய மீன் பகலுக்குள் மலைநாட்டுச் சந்தையில் கிடக்கலாம் என்றார்கள். ஊரில் எல்லோரும் லொறி விலை விசாரித்தார்கள்.

அதே நாட்களில்தான் அஸ்லம் பாஸ்போட் எடுத்தான்.

கட்டாரில் சாரதி வேலை. முகவர் விசா வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். அவன் அதை எங்களிடம் சோறு தின்னும்போது, மீன் முள்ளை எடுத்தபடி சொன்னான். நான் சட்டியைப் பார்த்தேன். அவனுடைய வாப்பா என்னைப் பார்த்தார்.

நான் எப்படிப்பட்ட தாய் என்பதை இந்தத் தொடரின் வாசகர்கள் அறிவார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மாடிப்படி எங்கே என்று தேடுகிறவள். மகன் சந்திக் கடைக்குப் போனாலும் இரண்டு முறை அழைப்பு எடுக்கிறவள். இரண்டில் ஒரு பிள்ளையைக் கடல் கொண்டுபோனது. மீதி ஒன்று கடல் தாண்டிப் போகிறேன் என்கிறது. ஆனாலும் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் அவனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வேன்?

வாப்பாதான் கேட்டார். “எங்கட கெப் மீனோட பதினெட்டு வளைவு ஏறினா, நீ நிப்பியா? ரெண்டு பேரும் சேந்து செய்வம்.”

பதினெட்டு வளைவு என்பது மகியங்கனையைத் தாண்டி மலை ஏறும் பாதை. கொண்டை ஊசிபோலப் பதினெட்டு இடத்தில் மடங்கும். ஒரு மாதம் முன்பு என் கணவர் அரைச் சுமையோடு போய், நாலாவது வளைவிலேயே வண்டி நின்று, ஐஸ் உருகி, மீனைக் கீழே ஹசலக்கையில் அகப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அஸ்லம் சிரித்தான். “அது ஏறுமா? ஏறினாப் பாப்பம் வாப்பா.”

பாப்பம் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருவரும் அடுத்த நாளே சிவத்தின் கராஜுக்குப் போனோம். ஆம், நானும் போனேன். பள்ளிக்கூடம் விடுமுறை. வீட்டில் இருந்தால் கட்டாரைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

அடுப்பும் ஊதுகுழலும்

டர்போ என்றால் என்ன என்று வாசகர்களுக்கு ஒரு சொட்டுச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பழக்கம், மன்னியுங்கள்.

விறகடுப்பை நினையுங்கள். விறகுதான் டீசல். ஊதுகுழல்தான் டர்போ. எஞ்சினிலிருந்து வெளியே போகும் சூடான புகையே ஒரு சின்ன விசிறியைச் சுற்றும். அந்த விசிறி இன்னொரு விசிறியைச் சுற்றும். அது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். காற்றுக் கூடினால் விறகையும் கூட்டலாம், நெருப்புப் பெரிதாகும். காற்றுக் குறைவாக இருக்கும்போது விறகைத் திணித்தால் குசினி முழுக்கக் கரும்புகை. விறகில்லாமல் சும்மா ஊதினால் சாம்பல்தான் பறக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று கணக்காக இருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பிடிப்பதுதான் எங்கள் வேலை.

பம்பில் டீசலைக் கூட்டிக் குறைக்க ஓர் ஆணி இருக்கிறது. டர்போவில் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு கம்பி இருக்கிறது. அந்தக் கம்பி கடல் உப்பில் துருவேறி அசையாமல் கிடந்ததைச் சிவம் முதல் நாளே கண்டுபிடித்து, எண்ணெய் விட்டு இளக்கிவிட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். டர்போ சும்மா நிற்கும் வண்டியில் ஊதாது. பாரம் இழுக்கும்போதுதான் ஊதும். ஏற்றம் வேண்டும்.

“மலை ஒண்டு வேணும் டீச்சர்” என்றார் சிவம்.

நாங்கள் மூவரும் கராஜ் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தோம். வடக்கே மட்டக்களப்பு வரை மட்டம். தெற்கே ஒலுவில் துறைமுகம் வரை மட்டம். மேற்கே வயல், பலகைபோல. எங்கள் ஊரில் ஏற்றம் என்று சொல்லக்கூடியது வாய்க்கால் பாலங்கள் மட்டும்தான். அதில் ஏறத் தொடங்கும்போதே இறங்கிவிடும்.

மேடில்லாத ஊர். அதை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு காலை நேரம் முழுவதும் நான் ஒரு மேட்டைத் தேடி ஓடியிருக்கிறேன்.

“மலை இல்லாட்டிப் பாரத்தைப் போடுவம்” என்றார் என் கணவர். அப்படித்தான் அவருடைய நண்பர் ஒருவரின் நெல் எங்கள் தட்டில் ஏறியது. ஆலைக்குப் போக வேண்டிய நெல் ஆலையைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனது. ஆலைக்காரர் வாசலில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் களைத்துவிட்டார்.

தென்னை மரக் கணக்கு

காற்று எவ்வளவு ஊதுகிறது என்று அளக்க மானி வேண்டும். ரயருக்குக் காற்றடிக்கிற கடைக்காரர் சொல்கிற அதே இறாத்தல், அதாவது பவுண்டுக் கணக்குத்தான். நெல் ஆலைக் கொதிகலனின் பழைய மானி ஒன்றை முதலில் பூட்டினோம். அது நூற்றுக்கணக்கில் அளக்கிற மானி. எங்கள் டர்போவின் மூச்சை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. முள் ஓர் எறும்பின் கால் அகலம்கூட அசையவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் செய்வதுதான். தெளிந்த குழாயில் தண்ணீர் விட்டு, ஒரு முனையை எஞ்சினில் பூட்டினால், காற்று தள்ளும் அளவுக்குத் தண்ணீர் ஏறும். அந்த உயரத்தை அளந்தால் போதும்.

“ஆஹா டீச்சர்! எத்தின அடிக் குழாய் வேணும்?” என்றார் சிவம்.

நான் ஒரு அட்டைப் பெட்டியின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். ஓர் இறாத்தலுக்கு இரண்டே கால் அடிக்கு மேல் தண்ணீர் ஏறும். பத்து இறாத்தல் என்றால்…

“இருவத்திமூணு அடி” என்றேன்.

சிவம் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப கெப்புக்கு மேல ஒரு தென்ன மரத்தை நட்டு, அதில குழாயக் கட்டிக்கொண்டு ஓடுவம்! ஏறிப் பாத்துச் சொல்ல ஒரு ஆளையும் வைப்பம்!”

என் கணவரும் சிரித்தார். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். இருபத்துமூன்று அடித் தண்ணீர்.

எங்கள் வளவில் நின்ற தென்னையில், ஓலைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சேலைத்துண்டு பல மாதங்கள் சுற்றியிருந்தது. தண்ணீர் எதுவரை வந்தது என்பதற்கு அதுதான் எங்கள் வீட்டு அடையாளம்.

சிவத்தின் சிரிப்பு நடுவில் நின்றது. அவரும் கணக்குப் பார்த்துவிட்டார். பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டு, “நான் அம்பாறையில பழைய இரும்புக் கடை ஒண்டில பாக்கிறன் டீச்சர். சின்ன மானி கிடைக்கும்” என்று மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

கிடைத்தது. அதுதான் என் மடியில் இருந்தது.

ஒரு விரல் நீளக் குழாய்

இப்போது தொடக்கத்தில் விட்ட இடத்துக்கு வருகிறேன். மாவடிப்பள்ளி வீதி. முள் எட்டில்.

எட்டு இறாத்தல் காற்று ஊதியும் வண்டிக்கு வீரியம் வரவில்லை. அஸ்லம் ஓரத்தில் நிறுத்தினான். மூவரும் பொனற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டோம்.

“ஊதுது. ஆனா நெருப்பில்ல” என்றேன். “விறகு போகல்ல.”

“ஆணியத் திருப்பினமே?”

“திருப்பினம். ஆனா காத்து வந்திட்டெண்டு பம்புக்கு ஆர் சொல்லுற?”

அஸ்லம் என்னைப் பார்த்தான். பிறகு விரலை உள்ளே விட்டுத் தடவி, எஞ்சினிலிருந்து பம்பின் தலைக்குப் போகும் ஒரு சின்ன இறப்பர் குழாயைக் கண்டுபிடித்தான். ஒரு விரல் நீளம் இருக்கும். காற்று வந்துவிட்டது, இனி டீசலைக் கூட்டு என்று பம்புக்குச் செய்தி கொண்டுபோகிற குழாய் அதுதான். அவன் அதை வளைத்தான். உப்பில் காய்ந்து போன குழாய் அப்பளம்போல நொறுங்கியது. இத்தனை வருடமும் டர்போ ஊதிக்கொண்டே இருந்திருக்கிறது, பம்புக்குச் செய்தி போய்ச் சேரவேயில்லை!

“யா அல்லாஹ்” என்றார் என் கணவர்.

மானிக்குக் கொண்டுவந்த குழாயில் ஒரு துண்டை வெட்டி அந்த இடத்தில் பூட்டினோம். அஸ்லம் ஏறி மிதித்தான்.

அந்தக் கணத்தை எப்படி எழுதுவது? சீட் என் முதுகில் வந்து இடித்தது. நெல் மூடைக்கு மேலே இருந்த என் கணவர் மல்லாக்க விழுந்து, கால் இரண்டும் ஆகாயத்தில் தெரிந்தன. எஞ்சின் இரைச்சலுக்குள்ளே சீழ்க்கைபோல ஒரு மெல்லிய சத்தம் எழும்பி ஏறி ஏறிப் போனது. டர்போவின் குரல். கடலுக்குப் பிறகு நாங்கள் கேட்காத குரல்.

“உம்மா! இது எங்கட வண்டியா?”

“மிதிடா!”

ஆம், சொன்னது நான்தான். பிள்ளை பிறந்த நாளிலிருந்து மெல்லமாப் போ, பாத்துப் போ என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாத என் வாய்தான். மிதி, மிதி என்று கத்தினேன். பின்னால் ஒரு மூடை அவிழ்ந்து நெல் வீதியெல்லாம் கோலம் போட்டது. ஆலைக்காரர் இந்த முறை கையை ஆட்டவில்லை, செருப்பைக் கழற்றிக் காட்டினார்.

அதோடு நிறுத்தினோமா? இல்லை. எட்டு பத்தானது. கம்பியை இன்னும் கொஞ்சம் சுருக்கினோம், பன்னிரண்டானது. ஆணியை இன்னும் திருப்பினோம். சிவம் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து புகை பார்த்தார். “கறுப்பு! குறை! இப்பச் சாம்பல்! சரி! இன்னும் கொஞ்சம் விடுவமா?” “விடுவம்!” பதினாலு. பதினைந்து. ஒவ்வொரு இறாத்தலும் எனக்குக் கட்டாரிலிருந்து பிள்ளையை ஒரு சாண் இழுத்ததுபோல இருந்தது.

வளைவுகள்

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். தட்டில் ஐஸ் தாங்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டிகள், உள்ளே ஐஸும் பாரை மீனும் சூரையும். முன்சீட்டில் மூவர். அஸ்லம் ஓட்டினான். நடுவில் மானியோடு நான். ஜன்னல் ஓரம் அவனுடைய வாப்பா.

வெயில் ஏறும்போது மலையடிவாரம். முதலாவது வளைவின் பலகை கண்ணில் பட்டதும் மூவரும் பிஸ்மில்லாஹ் சொன்னோம்.

அந்த ஏற்றத்தை அது விழுங்கியது! முன்பு நின்று போன நாலாவது வளைவில் என் கணவர் எழும்பி நிற்கப் பார்த்து, கூரையில் தலையை இடித்துக்கொண்டார். “பாத்தியா! பாத்தியாடா!” ஒரு பழைய லொறியை முந்தினோம். முள் பதினைந்தில், சீழ்க்கை காதைக் கிழித்தது. கீழே சமவெளி விரிந்துகொண்டே போனது. எனக்குத் தலை சுற்றியது, ஆனாலும் பார்த்தேன்.

“வாப்பா, சூடு கூடுது” என்றான் அஸ்லம். எஞ்சின் வெப்பம் காட்டும் முள் சிவப்பை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது.

“ஒண்டும் செய்யாது, போ.”

“உம்மா?”

“போ மகன், போ. பாதிக்கு மேல வந்திட்டம்.”

பத்தாவது பலகையைத் தாண்டியதும் வெடித்தது.

பெரிய வெடி. நாங்கள் மூவரும் குனிந்தோம். யோசித்துக் குனியவில்லை. அஸ்லம் பிரேக்கை மிதித்தபடி ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டான். என் கணவர் என்னைக் கவிழ்த்து எனக்கு மேல் கவிழ்ந்தார். நான் மானியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடந்தேன். அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தோம். எங்கள் கரையில் யுத்த வருடங்களில் வளர்ந்த எவருக்கும் தெரியும், முதல் வெடிக்குப் பிறகுதான் மற்றவை வரும்.

ஒன்றும் வரவில்லை. ஒரு குருவி கத்தியது.

நாங்கள் முந்திவந்த அந்தப் பழைய லொறி மெல்ல வந்து பக்கத்தில் நின்றது. சாரதி எட்டிப் பார்த்து, கீழே என்ன விழுந்தது, தேடித் தரட்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினோம். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதன் பிறகுதான் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என் கணவரின் தொப்பி என் மடியில் கிடந்தது. அஸ்லம்தான் முதலில் சிரிக்கத் தொடங்கினான்.

பொனற்றைத் திறந்தோம். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் பெரிய குழாய் கிளிப்போடு கழன்று தொங்கியது.

“இன்னும் இறுக்கினா நிக்கும்” என்றார் என் கணவர்.

“இறுக்கினா வேற இடத்தால வெடிக்கும் வாப்பா.”

சிவத்துக்கு அழைப்பு எடுத்தேன். அந்த மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார், “டீச்சர், சொன்னாக் கோவிக்கக் கூடா. நானும் இந்த வயசு மட்டும் மலை ஏறினவன் இல்ல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் மட்டத்து ஆட்கள். மாவடிப்பள்ளி நேர்வீதியில் எவ்வளவு மிதித்தாலும், ஒரு முக்கு வரும், ஒரு மாடு வரும், காலை எடுத்துவிடுவோம். எஞ்சின் மூச்சு விட்டுக்கொள்ளும். கூட்டினால் கூடுகிறது, கூடியது நல்லது என்று நாலு பேரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டோம். இங்கே காலை எடுக்க இடமே இல்லை. மலை விடாது. ஏறுகிறவன் கடைசிவரை இழுக்கக்கூடிய அளவில் மூச்சை வைத்துக்கொள்ள வேண்டும். கடற்கரையில் பிறந்த எஞ்சின்காரருக்கு அது யார் சொல்லித் தருவது?

“குறைப்பம்” என்றேன்.

“குறைச்சா ஏறாது டீச்சர்” என்றார் என் கணவர். பகிடியாக என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். இந்த முறை குரலில் பகிடி இல்லை. இன்னும் எட்டு வளைவு. ஏறாவிட்டால் என்ன என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்த என்ன, ஸ்பனரோடு எங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது.

“இப்பிடியே விட்டாலும் ஏறாது. ஸ்பனரத் தாங்க, நான் திருப்புறன்.”

எஞ்சின் ஆறும்வரை இருந்தோம். கம்பியை நான் என் கையாலேயே நீட்டினேன், நட்டைச் சுற்றுச் சுற்றாகத் திருப்பி. அஸ்லம் டீசல் ஆணியைக் கால் சுற்றுப் பின்னுக்கு எடுத்தான். என் கணவர் குழாயின் உட்புற எண்ணெயைச் சாரத்து முனையால் துடைத்து, பூட்டி, கிளிப்பை இறுக்கி, அதைப் பார்த்து ஏதோ ஓதி ஊதினார்.

முள் பதினொன்றுக்கு மேல் போகவில்லை. சீழ்க்கை அடங்கி, முணுமுணுப்பாகிவிட்டது. இரண்டாம் கியர். அவசரமில்லாமல், ஆனால் தளராமல், ஒரு வளைவு, இன்னொரு வளைவு. வெப்ப முள் நடுவில் நின்றது. நான் இறாத்தலைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கடைசிப் பலகை பின்னால் போனதும் பாதை மட்டமானது. அஸ்லம் ஹோர்னை அழுத்திப் பிடித்தான். விடவேயில்லை. நாங்கள் இருவரும் அந்தச் சத்தத்துக்குள்ளே அழுதோம்.

மேலே

கொஞ்ச தூரத்தில் ஒரு தேநீர்க்கடை. ஸலாம் சொல்லிக்கொண்டு வந்த கடைக்காரர் நம்மவர்தான், மலைநாட்டுப் பேச்சு. என் கணவர் முதலில் ஓடிப்போய் ஒரு பெட்டியைத் திறந்தார். ஐஸ் கல்லாகக் கிடந்தது. ஒரு துண்டை எடுத்து வந்து மகனின் உள்ளங்கையில் வைத்தார்.

“இப்பச் சொல்லு. கட்டாருக்குப் போறியா?”

அஸ்லம் ஐஸைக் கைமாற்றிக்கொண்டே கீழே தெரிந்த சமவெளியைப் பார்த்தான்.

“போகல்ல வாப்பா.”

நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிக்கவில்லை.

“ஆனா ஊருக்கும் வரல்ல.”

“என்ன பேய்க்கதை கதைக்கிற?”

“இஞ்ச மீனை இறக்கி விக்க ஒரு ஆள் வேணுந்தானே. நாங்க போற டவுனில கடை ஒண்டு மலிவா வாடகைக்குக் கிடைக்குமெண்டு போனில கேட்டு வெச்சிரிக்கன். நான் இஞ்ச நிக்கிறன். நீங்க ஏத்திக்கொண்டு வாங்க. கிழமைக்கு ஒருக்கா நானும் வாறன், விடிய வெள்ளாப்பில வந்து பின்னேரம் திரும்புறன்.”

“ஏன்டா? ஊரில உனக்கு என்ன?”

அவன் என்னைப் பார்த்துத்தான் சொன்னான். “நான் ராவில படுக்கிறல்ல உம்மா. அலை கேக்குது. கட்டாரும் கடல்கரைதான், தெரியும். ஆனா அந்தக் கடலுக்கு என்னத் தெரியா.”

நான் தேநீரைக் கீழே வைத்தேன். எங்கள் வீட்டில் அவனுடைய அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். இத்தனை வருடமும் நான் மட்டும்தான் விழித்திருக்கிறேன், வீடு தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, அவன் எழும்பிவிடுவான் என்று இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறேன். சுவரின் மறுபக்கத்தில் அவனும் அதே அலையைக் கேட்டுக்கொண்டு, எனக்காக அசையாமல் கிடந்திருக்கிறான்.

என் கணவர் ஏதோ சொல்ல வந்தார். நான் கையைப் பிடித்தேன்.

சுற்றிலும் பார்த்தேன். பின்னால் செங்குத்தாக எழும்பும் மண். முன்னால் இறங்கும் பள்ளம். அழகுதான். ஆனால் என் கண் அந்த மண்ணிலேயே நின்றது. கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

“தம்பி, இஞ்ச மண் சரியிறதா?”

“சரியாம? மழைக்கு நல்லாச் சரியும்!” என்றார் அவர், ஊர்ப் பெருமை காட்டுகிறவர்போல. “அந்தா அந்தத் திருப்பத்தப் பாருங்கொ. போன மழைக்குப் பாதி ரோடு கீழ போச்சி!”

என் கணவருக்குத் தேநீர் புரையேறியது. அஸ்லம் வாயைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “கேட்டீங்களே உம்மா! கேட்டீங்களே!” அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது எப்போது? எனக்கும் சிரிப்பு வந்தது, பயத்தோடேயே வந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க முடியவில்லை.

“கடை எந்தப் பக்கம்?” என்றேன். “மண் பக்கமா, பள்ளப் பக்கமா?”

“எந்தக் கடை?”

“நீ நிக்கப் போற கடைதான்.”

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். வாப்பாவைப் பார்த்தான். மறுபடியும் என்னைப் பார்த்தான்.

“நடுவில உம்மா. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில.”

“அப்ப ஒழும்பு” என்றேன். “ஐஸ் உருகுது.”